பாதி இடித்த சுவர், துருப்பிடித்த தளம், கரையான் தின்ற கட்டை: வீட்டை வைத்துக்கொள்வதா, இடிப்பதா?

கேள்வி:

ஏறக்குறைய 50 வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கீழும் மேலுமாக இரண்டு தளம். முன்னறை மட்டும் இன்னும் பழையது. மேலே மாடி இல்லை, மரக்கட்டை போட்ட கூரை. சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கலாம் என்று நடுச்சுவரை இடிக்க ஆரம்பித்தோம். பாதி இடித்த பிறகுதான் மேலே பீம் எதுவும் இல்லை, மாடியின் காங்கிரீட் தளம் நேராகச் சுவர்மீதே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. மாடி அறையின் தரையில் மெல்லிய விரிசல் ஒன்றும் இப்போது கண்ணில் படுகிறது. இதற்கிடையே கீழ்க் குளியலறையின் மேல்பூச்சு பெயர்ந்து விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பிகள் தெரிகின்றன. முன்னறையில் இரண்டு கட்டைகளின் முனையைக் கரையான் தின்றிருக்கிறது. "பழைய வீடுன்னா இப்படித்தான், பூசிட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம்" என்கிறார் காண்ட்ராக்டர். கூடவே கூடுதல் பணமும் கேட்கிறார். மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார் என் கணவர். டைல்ஸ் எல்லாம் வாங்கி மாடியில் அடுக்கியாகிவிட்டது. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? எப்போது குடிபோக முடியும்?

பதில்:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த நடுச்சுவர்.

இதைப் படிக்கும் இன்றே இடிக்கும் வேலையை நிறுத்திவிட்டு, தளத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சென்ட்ரிங் வேலைக்கு வைக்கும் இரும்பு ஜாக்கிகள் போதும். சுவரின் இரண்டு பக்கமும், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒவ்வொரு வரிசை. ஒரு ஜாக்கிக்கும் அடுத்த ஜாக்கிக்கும் நடுவே மூன்றடிக்கு மேல் வேண்டாம். மேலே தளத்தை ஒட்டி நீளமான கனத்த கட்டையோ இரும்புச் சட்டமோ வைத்து அதைத்தான் ஜாக்கி தாங்க வேண்டும்; ஜாக்கியின் தலை நேராகத் தளத்தைக் குத்தக் கூடாது. கீழேயும் அப்படியே, அகலமான பலகை போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும். பழைய வீடுகளில் தரைக்குக் கீழே பெரும்பாலும் வெறும் மண் நிரப்பல்தான். ஜாக்கியின் பாதம் அதில் அமுங்கி இறங்கினால் முட்டு இருந்தும் பயனில்லை. இன்னொன்று, ஜாக்கியைத் திருகித் தளத்தைத் தூக்கிவிடலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். கட்டை தளத்தோடு இறுகிப் பிடித்தால் போதும். அதற்கு மேல் திருகினால் இல்லாத விரிசலை நாமே உண்டாக்கியது போலாகும்.

அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடியிலும் சுவர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இரு பக்க முட்டு மட்டும் போதாது. சுவரின் ஊடே குறுக்காக இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின் இரண்டு முனைகளையும் தாங்க வேண்டியிருக்கும். அதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை மாடி அறையில் யாரும் படுக்க வேண்டாம். அங்கே அடுக்கிய டைல்ஸ் பெட்டிகளைக் கீழே இறக்கிவிடுங்கள், ஆனால் முட்டுக் கொடுத்த பிறகு. ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய டைல்ஸின் எடை, அந்த அறையில் ஒரு விருந்துக்கே ஆட்கள் கூடி நின்றாலும் வராது.

பாதிச் சுவரை எடுத்தும் தளம் அசையவில்லையே, அப்படியென்றால் தாங்குகிறது என்றுதானே அர்த்தம் என்று யாராவது சொல்லக்கூடும். மீதிப் பாதி இன்னும் தாங்குகிறது, அவ்வளவுதான். சமையலறை பத்தடி, ஹால் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். நடுச்சுவர் இருக்கும் வரை தளம் பத்துப் பத்தடியாகத் தாண்டுகிறது. சுவரை எடுத்தால் ஒரே தாண்டலில் இருபதடி. தூரம் இரண்டு மடங்கானால் தளத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். தொய்வு 16 மடங்குக்குக் குறையாது. அதைவிட மோசமான விஷயம் உள்ளே இருக்கிறது. சுவருக்குப் பக்கத்தில் வரும்போது தளக் கம்பிகளில் பாதியைக் சாய்வாக வளைத்து (கிராங்க் செய்து) மேலே ஏற்றிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். சுவர்மீது தளம் தாண்டும் இடத்தில் இழுவிசை மேல்பக்கம் வரும் என்பதால் அது சரியான முறைதான். ஆனால் சுவரை எடுத்ததும் அதே இடம் பெரிய தளத்தின் நடு ஆகிவிடுகிறது. இப்போது இழுவிசை அடிப்பக்கம். அங்கேதான் கம்பி குறைவு! மாடித் தரையில் தெரியும் விரிசல் இதனால் வந்ததா, ஏற்கெனவே டைல்ஸ் மூட்டில் இருந்ததா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரு ஓரமும் அசையாதபடி, எப்பாக்ஸிப் பசையால் ஒட்டுங்கள். தளம் அசைந்தால் கண்ணாடி உடையும்.

"நாலரை இஞ்ச் சுவர்தானே, பாரச் சுவர் இல்லை" என்பது கட்டிட வேலையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வாக்கியம். ஒன்பது இஞ்ச் சுவர் பாரம் சுமக்கும், நாலரை இஞ்ச் வெறும் தடுப்பு என்பது பெரும்பாலும் சரி. ஆனால் பழைய வீட்டில் அதை நம்பிச் சுத்தியலை எடுக்க முடியாது. நாலரை இஞ்ச் சுவர்மீதே தளத்தை உட்கார வைத்த வீடுகள் உண்டு. தடுப்பாகக் கட்டிய சுவரும்கூட, மேலே தளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து வந்து தலையில் உட்கார்ந்தால், நாளடைவில் பாரச் சுவராகிவிடும். சுவரின் கனத்தைப் பார்க்காதீர்கள். மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது, தளத்தின் முக்கியக் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். ஓர் ஓரத்தில் பூச்சைத் தட்டிவிட்டால் முதலாவது தெரிந்துவிடும்; கம்பி காங்கிரீட்டுக்குள் இருப்பதால் அதை இன்ஜினியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அந்த இடத்தைத் திறந்த ஹாலாக்கும் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். தளத்துக்கு அடியில் ஓர் இரும்பு ஐ பீம் செருகினால் போதும், நிறையப் பேர் செய்துகொள்ளும் வேலைதான். ஆனால் பீமின் அளவை இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதுவரை முழு நீளத்துக்கும் பரவியிருந்த பாரம் இனி இரண்டு முனைகளில் குவியும். அந்த முனைகளில் பழைய செங்கல்மீது பீமை அப்படியே வைத்தால் செங்கல் நொறுங்கும். பெட் பிளாக், அதாவது பாரத்தைப் பரப்பும் காங்கிரீட் திண்டு, போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் கொஞ்சம் சுவரை மிச்சம் விட்டுத்தான் இடிக்க வேண்டியிருக்கும். மூலை வரை மழித்துவிடக் கூடாது. அந்த இடத்தில் அஸ்திவாரத்தையும் தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது. பீமுக்கும் தளத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளியைச் சாதாரணக் கலவையால் அடைத்தால் அது காயும்போது சுருங்கும். தளம் அந்தச் சுருக்கத்தின் அளவுக்கு இறங்கிய பிறகுதான் பீம் வேலை செய்யவே ஆரம்பிக்கும். சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் கலவை) என்றே தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, உங்கள் மற்ற இரண்டு 'அதிர்ச்சி'களுக்கு வருவோம். பழைய வீட்டில் எதுவும் ஒரே இரவில் கெடுவதில்லை. நாம் திடீரென்று பார்க்கிறோம், அவ்வளவுதான். நான் பார்த்த வரையில் உள்ளே ஒளிந்திருக்கும் சேதத்துக்குப் பின்னால் அனேகமாக இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று தண்ணீர். இன்னொன்று, நமக்கு முன் அங்கே இருந்தவர் செய்துவைத்த மாற்றம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போனால், அடுத்த அதிர்ச்சி எங்கே காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

குளியலறைத் தளத்தைப் பாருங்கள். மேலேயும் குளியலறைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல காங்கிரீட் கடும் காரம்; காரத்தை அளக்கும் பி.எச். கணக்கில் 12.5க்கு மேல். அந்தக் காரம் இருக்கும் வரை கம்பியின்மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்று துருவை அண்ட விடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து இந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பி.எச். 9 அளவுக்கு இறங்கியதும் கம்பிக்கு இருந்த காவல் போய்விடும். அதன்பின் ஈரம் கிடைத்தால் துரு. துருவாக மாறும் இரும்பு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கம்பியே உள்ளிருந்து காங்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. அதுதான் உங்கள் தலைக்கு மேலிருந்து பெயர்ந்து விழுந்தது. தளக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. காங்கிரீட்டாவது மூடியிருக்க வேண்டும். அந்தக் காலத்து வேலைகளில் கம்பியைச் சென்ட்ரிங் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கைச் சரியாக வைக்காமல், கம்பி கிட்டத்தட்டப் பலகையைத் தொட்டபடி கிடக்க, அப்படியே காங்கிரீட் போட்டிருப்பார்கள். காரம் இறங்குவதற்கு அங்கே அதிக நாள் பிடிக்காது.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முதலில் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, பெயர்ந்த இடத்திலிருந்து வெளிப்பக்கமாக, அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். தலையில் ஹெல்மெட்டும் கண்ணாடியும் கட்டாயம். கெட்டியான இடத்தில் 'டங்' என்று கேட்கும். உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும். 'டொப்' கேட்ட இடங்களையெல்லாம் சாக்பீஸால் வளைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைப் போல அந்த வளையம் மூன்று நான்கு மடங்கு பெரிதாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பழுதின் உண்மையான அளவு அதுதான். அப்புறம் தெரியும் கம்பிகளைக் கம்பி பிரஷால் துரு போகத் தேய்த்து, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பல இடங்களில் அளக்க வேண்டும். 10 மி.மீ. கம்பி 8 மி.மீ. ஆகியிருந்தால், "ரெண்டு மில்லிதான் போயிருக்கு" என்பார்கள். விட்டத்தில் இரண்டு மில்லிதான். குறுக்குப் பரப்பில் 36 சதவீதம் போய்விட்டது. கம்பியின் பலம் பரப்பில்தான் இருக்கிறது.

இதற்கு மேல் இன்ஜினியர் சில சோதனைகள் செய்யலாம். புதிதாக உடைத்த காங்கிரீட்டின்மேல் பினாப்தலின் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன இடம் நிறம் மாறாது. பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த சோதனைதான், செலவும் மிகக் குறைவு. கம்பியின் ஆழம் வரை நிறம் மாறாமல் இருந்தால், இன்னும் பெயராத இடங்களிலும் காவல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காங்கிரீட்டில் உப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தூளெடுத்து குளோரைடு சோதனைக்கு அனுப்பலாம். உப்புத் தண்ணீரிலோ உப்பு மணலிலோ கலந்த காங்கிரீட் என்றால் கதையே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். காங்கிரீட்டின் மேல்பரப்பைத் தட்டிப் பலத்தைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமரால் மட்டும் நாலு தட்டு தட்டிவிட்டு, "காங்கிரீட் சூப்பர்" என்று யாராவது சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறிய பழைய காங்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும், அதனால் அந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

பழுது பார்க்கும் முறையில் வரிசை முக்கியம். முதலில் மேலேயிருந்து வரும் கசிவு நிற்க வேண்டும். அதை நிறுத்தாமல் கீழே என்ன பூசினாலும் வீண். கழிவுக் குழாய் இணைப்பு, தரையில் தண்ணீர் இறங்கும் ஃப்ளோர் டிராப்பைச் சுற்றிய மூட்டு, டைல்ஸுக்கு அடியிலுள்ள வாட்டர்புரூஃபிங், இவை மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். அடுத்து, தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சாக்பீஸ் வளையத்துக்குள் இருக்கும் கெட்ட காங்கிரீட் முழுவதையும் எடுக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கத்தோடு நிறுத்தாமல், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு, ஏறக்குறைய 20 மி.மீ. குடைந்து எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிலும் பளிச்சென்று இரும்பு தெரியும்படி சுத்தம் செய்து, இளைத்த கம்பிக்குப் பக்கத்திலேயே புதுக் கம்பி சேர்த்து, பிணைப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையாலோ சன்னமான ஜல்லி கொண்ட மைக்ரோ காங்கிரீட்டாலோ நிரப்ப வேண்டும். கோழிவலையை ஆணியடித்துச் சிமென்ட் பூசுவது இதற்கு ஈடாகாது. துரு உள்ளே வேலையைத் தொடரும், அடுத்த முறை பெயரும்போது வலையோடு சேர்ந்து பெரிய பாளமாக விழும்.

ஃபால்ஸ் சீலிங் யோசனைக்கு என் பதில் அதுவேதான். எனக்கு ஃபால்ஸ் சீலிங்கோடு பகை எதுவும் இல்லை. ஆனால் பழுது பார்த்து முடிக்காத தளத்துக்கு அடியில் அதை மாட்டுவது, கண்காணிக்க வேண்டிய இடத்தை நாமே மறைத்துக்கொள்வது. குளியலறையில் முறையாகப் பழுது பார்த்து முடித்த பிறகும், கொஞ்ச நாள் சும்மா வெள்ளையடித்து விட்டுவைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஈரக்கறை திரும்ப வந்தால் உடனே தெரியும்.

மரக்கட்டைகளுக்கு வருவோம். கேட்க மிகப் பயங்கரமாக இருப்பது இதுதான். மூன்றில் சுலபமாகத் தீரக்கூடியதும் இதுவாகவே இருக்கலாம். கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். காற்றுப் போக்குவரத்து கிடையாது, மழைநீர் சுவரில் ஊறினால் முதலில் நனைவது அந்த முனை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் உளுத்துப்போகும் ஆபத்து உண்டு. ஈர மரம் என்றால் கரையானுக்கும் கொண்டாட்டம். ஆகவே இரண்டு முனைகள் போயிருந்தால் மீதிக் கட்டைகளின் முனைகளையும் பார்த்தே ஆக வேண்டும். கூரான ஸ்க்ரூடிரைவரை, சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை மட்டும் ஏற்று எதிர்க்கும். கெட்டது வெண்ணெயாக வழிவிடும். நடுப்பகுதி பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரமாக, இன்று கடையில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும். கெட்ட முனையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கி நீட்டிக்கொள்ளலாம்; இல்லையென்றால் சுவரில் பதித்த இரும்புத் தாங்கியில் உட்கார வைக்கலாம். முனையைச் சுற்றிச் சிமென்ட் கலவையால் இறுக்கி அடைக்க மட்டும் விடாதீர்கள், கொஞ்சம் காற்று இடைவெளி இருக்கட்டும். நிலத்துக் கரையான் மண்ணிலிருந்துதான் ஏறி வருகிறது. சுவரில் அது கட்டிய மண் தடத்தைப் பின்தொடர்ந்து போய், மண்ணுக்கு மருந்து போடாமல் கட்டைக்கு மட்டும் மருந்தடித்தால் வேறு வழியாக வரும்.

முன்னறை அவ்வளவு பழையது என்றால் அது சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவராக இருக்க வாய்ப்பு உண்டு. சாவியால் சுரண்டினால் கலவை மாவாக உதிரும், வெள்ளைப் பொட்டுகள் தெரியும். அப்படியென்றால் அதன்மீது கெட்டிச் சிமென்ட் பூச்சோ, ஓதத்தை மறைக்க அடிச்சுவர் டைல்ஸோ வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரும் இயல்புடையது. முகத்தை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும், கட்டை முனை வரைக்கும்கூட. சுண்ணாம்புப் பூச்சே போடச் சொல்லுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கொஞ்சம் பாடுதான்.

முன்பிருந்தவர்கள் செய்த மாற்றம் என்று சொன்னேன் அல்லவா? மொட்டைமாடியில் அதைத் தேடுங்கள். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னோர் அடுக்கு போடுவது ஊர் உலகத்தில் எல்லா இடத்திலும் நடப்பது. ஓரத்தில் ஒரு சின்னக் குழி வெட்டினால் அடுக்குகளை எண்ணிவிடலாம். 50 மி.மீ. கலவை அடுக்கு ஒன்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. வீட்டுத் தளத்தில் மனிதர்களுக்கும் சாமான்களுக்குமாகச் சேர்த்து வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். இரண்டு அடுக்கு கூடுதலாக இருந்தால், அத்தனை பாரமும் இரவு பகலாக அங்கேயே நிற்கிறது என்று பொருள். பழையதை எடுத்துவிட்டு ஒரே அடுக்காக, சரியான வாட்டத்தோடு போடுவது தளத்துக்குச் செய்யும் பெரிய உதவி. கீழ்த்தளத்துப் பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டுங்கள், தோஷமில்லை. மாடித் தரையில் மட்டும் அடுக்கின்மேல் அடுக்கு வேண்டாம். தண்ணீர்த் தொட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அது சுவர்மீது நிற்க வேண்டும், தளத்தின் நடுவில் அல்ல.

வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். 50 வருட வயரின் காப்புறை விரல் பட்டாலே உதிரக்கூடும். எர்த் இணைப்பு இல்லாமலும் இருக்கலாம். புதிய போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பழைய ஜி.ஐ. குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருவால் அடைத்திருக்கும். வயருக்கும் குழாய்க்கும் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது பூச்சளவோடு நிறுத்தச் சொல்லுங்கள். பாரச் சுவரில் நீளப் படுக்கைவாட்டில் ஆழமாகக் காடியெடுப்பது சுவரைக் குறுக்கே அறுப்பதற்குச் சமம்.

வேலையாட்களிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். வீட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ குழாயோ இருந்தால் சுத்தியலால் உடைக்கக் கூடாது, கட்டரால் அறுக்கவும் கூடாது. அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். நனைத்து, முழுத் துண்டாகக் கழற்ற வேண்டும். எடுத்துப்போய்ப் போடுவதற்கும் தனி விதிமுறை இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய கதவு ஜன்னல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

ஏமாந்துவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டை விற்றவர் இதையெல்லாம் தெரிந்தே மறைத்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. பூச்சுக்குள் இருப்பது குடியிருப்பவருக்கும் தெரியாது. காண்ட்ராக்டர் கூடுதலாகக் கேட்பதும் அதனாலேயே மோசடி ஆகிவிடாது. அவர் கொடுத்த விலை, திறந்து பார்க்காத வீட்டுக்குக் கொடுத்த விலை. என் குறை வேறு. பாரச் சுவரா என்று பார்க்காமல் இடிக்கத் தொடங்கியது அவருடைய தவறு, அதைச் சரிக்கட்டும் செலவை முழுவதும் உங்கள் தலையில் வைக்க முடியாது என்பதைப் பேச்சில் தெளிவாக வையுங்கள். மீதி வேலைக்கு மொத்த விலை பேசாதீர்கள். இன்னும் ஒரு கட்டமாக, திறந்து பார்க்கும் வேலையை மட்டும் தனியாகக் கொடுத்து முடியுங்கள்: மற்ற குளியலறை, சன்ஷேடுகள், மொட்டைமாடி ஓரம், எல்லாக் கட்டை முனைகளும், சந்தேகமுள்ள இடத்தில் அஸ்திவாரக் குழி ஒன்று. பிறகு தளப் பழுதுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசி, சாக்பீஸ் வளையத்தை இரு தரப்பும் சேர்ந்து அளந்து, படம் எடுத்து வையுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் தொகை எழுத்தில் வந்த பிறகே தொடங்க வேண்டும். இன்ஜினியருக்குச் சம்பளம் நீங்கள் நேராகக் கொடுங்கள், காண்ட்ராக்டர் வழியாக அல்ல. இத்தனையும் பார்த்த பிறகும், மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணத்தில் மாடுலர் கிச்சன் கண்ணில் படும். படட்டும், தொடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் ஒதுக்கமாட்டேன். சில வீடுகளை இடிப்பதுதான் புத்திசாலித்தனம். அஸ்திவாரம் இறங்கி, வாசல் ஜன்னல் மூலைகளிலிருந்து சுவர்களில் சாய்வாக விரிசல் ஓடி, அது மாதத்துக்கு மாதம் அகன்றுகொண்டே போனால் யோசிக்க வேண்டும். அல்லது குளோரைடு சோதனையில் உப்பு காங்கிரீட் முழுக்கக் கலந்தது என்று வந்தால் யோசிக்க வேண்டும். அப்போது ஓரிடத்தை அடைத்தால் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும், பழுது பார்ப்பது முடிவே இல்லாத வேலையாகிவிடும். ஆனால் அப்போதும் போக வேண்டியது தளங்கள்தான். சுவரும் அஸ்திவாரமும் நன்றாக இருந்தால் தளத்தை மட்டும் எடுத்துப் புதிதாகப் போடலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஒரு குளியலறை, இரண்டு கட்டை, நாமே கைவைத்த ஒரு சுவர். இவ்வளவுக்கு ஒரு வீட்டை இடிக்க நான் சொல்லமாட்டேன். திறந்து பார்க்கும் கட்டம் முடிந்ததும் இன்ஜினியரிடம் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். அதுவரை இந்த வாக்குவாதத்துக்கு விடை கிடையாது.

குடிபோகும் தேதியை இப்போது யார் சொன்னாலும் அது வாய்க்கு வந்த தேதிதான். பீம் உட்கார்ந்து, கிரௌட் இறுகி, குளியலறைத் தளத்தில் நிரப்பிய கலவை பலம் பிடித்து, அதன்பிறகுதான் முட்டு எடுக்க முடியும். டைல்ஸும் பெயின்டும் அதற்கும் பின்னால். "வேலை நடக்கட்டும், ஜாக்கி இடைஞ்சலா இருக்கு, ரெண்டை எடுத்துடுறோம்" என்று நடுவில் ஒரு நாள் கட்டாயம் கேட்பார்கள். ஒன்றைக்கூட எடுக்க விடாதீர்கள். இப்போது இருக்கும் வீட்டைக் காலி செய்வதாக யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். முட்டு எடுக்கும் தேதியை இன்ஜினியர் எழுதிக் கொடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.